‘டீ’ என்றால் நீக்குவது

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். டீகிளவிங் என்ற ஆங்கில வார்த்தைக்கு, கையிலிருந்து கிளவுஸைக் கழற்றுவது என்று அர்த்தம் என நான் நம்பினேன். நம்பிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். இரண்டு பேருக்குப் போனில் அர்த்தமும் சொன்னேன். இரண்டாவது ஆள், அந்தக் கைக்குச் சொந்தக்காரனின் மனைவி.

இத்தனை வாரமாக இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்கு என் புத்தியின் நீள அகலம் தெரியும். பின்னால் யாரோ துரத்துவதாக நினைத்துச் சொந்தச் செருப்புச் சத்தத்துக்கே ஓடினவன் நான். அது சிரிக்கிற கதை. இது அப்படியல்ல. இதிலும் நடுநடுவே சிரிப்பு வரும், அது என் கெட்ட பழக்கம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று காலை, ஒரகடத்தில் எங்கள் கம்பெனியின் டிஸ்பாட்ச் வாசலில் நின்று அட்டைப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். காருக்குள் யார் கண்ணுக்கும் படாத இடத்தில் மாட்டுகிற இரும்பு பிராக்கெட்டுகள் செய்கிற கம்பெனி. மழை பெய்து விட்டிருந்தது. நனைந்த பேலட் கட்டைகளின் புளித்த வாசனை. முதல் டீ இன்னும் வரவில்லை.

ஷெட்டுக்குள் எந்நேரமும் ஓர் இரைச்சல் இருக்கும். பிரஸ், ட்ரில், கம்ப்ரஸர் எல்லாம் சேர்ந்த இரைச்சல். இருக்கிறவரை காதில் விழாது. அன்று அதிலிருந்து ஒரு துண்டு மட்டும் காணாமல் போனது. பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி என் காது அதைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தே வந்தார். அவர் நடந்து நான் பார்த்ததில்லை.

"தயா கை ட்ரில்லுல மாட்டிக்கிச்சாம். சூப்பர்வைசர் இசக்கி வண்டில போட்டுக்கினு போய்ட்டாரு."

ஜன்னல் சீட்டுச் சட்டம்

தயா என்கிற தயாளன் ட்ரில் மெஷின் ஆபரேட்டர். என்னைவிட ஏழெட்டு வயது இளையவன். எனக்கும் அவனுக்கும் உறவு, கம்பெனி பஸ்ஸில் ஒரே சீட் என்பதுதான். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் பக்கம் ஏறினால் ஒரகடம் வரை அவரவர் போனில் வார்த்தை விளையாட்டு. ஏழு எழுத்து கொடுக்கும். கட்டத்தில் வைத்து ஆங்கில வார்த்தை கட்ட வேண்டும். எழுத்துக்கு எழுத்து பாயிண்ட்.

அதில் ஒரு பித்தலாட்டம் உண்டு. அர்த்தம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தால், ஏதாவது ஒன்று வார்த்தையாகி ஏற்றுக்கொள்ளும். நான் அப்படித்தான் ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

தயாளனுக்கு அது பிடிக்கவில்லை. "அர்த்தம் தெரியாம வார்த்த வெக்கறது, பேர் தெரியாதவன் வூட்டுக் கல்யாணத்துல பூந்து சாப்டற மாரிண்ணா" என்றான்.

"சாப்பாடு நல்லா இருந்தா?"

"நல்லாத்தான் இருக்கும். யாராவது வந்து, நீ பொண்ணு வூடா மாப்ள வூடான்னு கேக்கற வரைக்கும்."

ஆகவே ஒரு சட்டம் போட்டான். வைத்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டால் சொல்ல வேண்டும். தெரியவில்லை என்றாலோ தப்பாகச் சொன்னாலோ, எழுந்து ஜன்னல் சீட்டை அடுத்தவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். இந்தச் சட்டம் வந்த பிறகு நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தது ரொம்பக் குறைவு.

அவன் இரண்டெழுத்து வார்த்தைகளில் மன்னன். இந்த விளையாட்டின் உயிர்நாடி அவைதான். நீளமான வார்த்தைக்கு இடமில்லாத சந்தில்கூடப் புகுந்துவிடும். க்யூவும் ஐயும் சேர்ந்தால் சீனாக்காரர் சொல்கிற உயிர்மூச்சு. இஸட்டும் ஏயும் சேர்ந்தால் பீட்சாவின் செல்லப்பெயர். எக்ஸும் யூவும், வியட்நாம் சில்லறை. ஏயும் ஏயும், எரிமலைக் குழம்பு ஆறிப்போன கரடுமுரடான கல். கேட்க அலறல் மாதிரி இருக்கும்.

இன்னொன்று ஏயும் ஐயும். அதற்குத் தனிக் கதை உண்டு. ஒரு தடவை கம்பெனி மீட்டிங்கில், இனிமேல் தரம் பார்க்கிற வேலைக்கெல்லாம் ஏஐ வரப்போகிறது என்றார்கள். அன்றிரவே என் வேலை போய்விட்டதாக முடிவு செய்து, சுங்குவார்சத்திரத்தில் டீக்கடை வைக்க இடம் கிடைக்குமா என்று மச்சானுக்குப் போன் செய்தேன். நான் லேபிள் ஒட்டுகிறவன், தரம் பார்க்கிறவன் அல்ல என்பது மறுநாள்தான் நினைவுக்கு வந்தது.

பஸ்ஸில் தயாளனிடம் புலம்பினேன்.

"ஏஐன்னா இன்னா தெரியுமாண்ணா? தென் அமெரிக்கால தேவாங்கு மாரி ஒண்ணு கீது. கைக்கு மூணே விரலு. மரத்துல தொங்கிக்கினே தூங்கும். அது எறங்கி வந்து ஒன் வேலய எடுக்கறதுக்குள்ள நீயே ரிட்டையர் ஆயிடுவ."

"புள்ளி எவ்ளோ?"

"ரெண்டு."

கல்லீரல் நீக்கும் இலாகா

இந்த அத்தியாயத்துக்குத் தலைப்பில் இருக்கிற டீ, குடிக்கிற டீ அல்ல. வார்த்தைக்கு முன்னால் ஒட்டுகிற டீ. எங்கள் ஷெட்டில் அது எங்கே வந்தாலும் எதையோ நீக்குகிறது என்று பொருள். துளை போட்டதும் ஓரத்தில் நிற்கிற இரும்புப் பிசிறைச் சீவி எடுத்தால் டீபர்ரிங். எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவினால் டீகிரீசிங். பேலட்டில் இருக்கிற சரக்கை இறக்கினால் டீபேலட்டைசிங். இருபது வருடமாகக் காது வழியாகக் கற்ற இலக்கணம். ஒருநாளும் தப்பியதில்லை.

போனில் விளம்பரம் ஓடுகிற நேரத்தில், நானும் தயாளனும் இதை வைத்து ஒரு கிளை விளையாட்டு ஆடுவோம். டிலைட் என்றால் லைட்டை அணைப்பது. டிஃபீட் என்றால் பாதங்களை எடுத்துவிடுவது. டெலிவர் என்றால் லிவரை, அதாவது கல்லீரலை, நீக்குவது.

டிஸ்பாட்ச் ஆள் என்பதால் கடைசி வார்த்தை எனக்குப் பட்டமாகவே அமைந்துவிட்டது. சாயங்காலம் பஸ்ஸில் ஏறும்போதே கேட்பான், "இன்னிக்கு எத்தினி லிவருண்ணா?"

"ரெண்டு லாரி."

"ரத்தம் சிந்தலியே?"

முன்சீட்டில் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எங்களுக்கு அது போதும்.

இசக்கி கேட்டது

லைனில் நிற்கிறவர்களின் போனெல்லாம் லாக்கரில் இருக்கும். லாரி டிரைவர்கள் கூப்பிடுவார்கள் என்பதால் சூப்பர்வைசரைத் தவிர எனக்கு மட்டும்தான் கையில் போன் உண்டு. அதனால் கெட்ட சேதிகளின் முதல் நிறுத்தம் நான்தான்.

இசக்கி எங்கள் லைன் சூப்பர்வைசர். திருநெல்வேலிப் பக்கம். வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. முப்பது வயதைத் தொடாதவர். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ரோட்டோரத் தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார். மூச்சு வாங்கியது.

"அண்ணாச்சி, தயாளன் அண்ணன உள்ள கொண்டு போய்ட்டாவ. டாக்டர் என்னமோ டீகிளவிங்ங்காரு. எனக்கு வெளங்கல. நீங்கதான் வார்த்தைக்கெல்லாம் அர்த்தம் சொல்லுவியள்லா. அவிய வீட்டுக்கு என்னன்னு சொல்ல?"

நான் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. "டீன்னா நீக்கறது. கிளவ்ன்னா கிளவுஸு. கிளவுஸ கழட்டிக்கினு இருக்காங்கப்பா. ட்ரில்லுல சுத்தி இறுகிப் போயிருக்கும், கத்திரி வெச்சு வெட்டி எடுப்பாங்க."

"நெசமாவா அண்ணாச்சி?"

"டீபர்ரிங், டீகிரீசிங் எல்லாம் நீ பாக்கறதில்ல? அதே டீதான்."

"நான் கையப் பாக்கல அண்ணாச்சி. ஃபர்ஸ்ட் எய்டுக்காரர் துண்டப் போட்டுச் சுத்திட்டாரு. வண்டியில ரத்தம் மட்டும் சொட்டிக்கிட்டே வந்துச்சு."

"ட்ரில்லுன்னா ரெண்டு சொட்டு வரத்தான் செய்யும்."

அந்தப் பக்கம் அவர் பெருமூச்சு விடுவது கேட்டது. இந்தப் பக்கம் நானும் விட்டேன். இரண்டு பேரும் நிம்மதியானோம்.

பயந்தாங்கொள்ளிகளைப் பற்றி ஊருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். இருமினால் காசநோய் என்பான், லேசாக வியர்த்தால் மாரடைப்பு என்பான். நிஜமாகவே கூரை பற்றி எரியும்போது மட்டும், யாரோ குளிர் காய்கிறார்கள் போல என்பான். வருடக்கணக்காகச் சேர்த்துவைத்த பயம் அத்தனையும், தேவைப்படுகிற அன்றைக்குப் பார்த்து விடுப்பில் போய்விடும்.

செல்வி கேட்டது

தயாளனின் மனைவி செல்வி வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறவள். போனை எடுத்தபோது தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்கண்ணா."

"பயப்படாதம்மா" என்று ஆரம்பித்தேன். உலகத்தில் யாரும் இந்த வார்த்தையைக் கேட்டுப் பயப்படாமல் இருந்ததில்லை. மெஷின் நின்றது.

தயா கை ட்ரில்லில் மாட்டியது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பது, டாக்டர் டீகிளவிங் என்று சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். "ஒண்ணும் இல்ல. கிளவுஸ கழட்டறாங்க. அதுக்குப் பேருதான் அது."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"கிளவுஸ் கழட்டறதுக்கு இன்னாத்துக்குண்ணா ஆஸ்பத்திரி?"

என்னிடம் பதில் இருந்தது. "டைட்டா இருந்திருக்கும்மா."

"அவரு கையி எப்டி கீது? அத சொல்லுங்க."

"கை கையாத்தான் இருக்கும்."

"யாரு பாத்தது?"

யாரும் பார்க்கவில்லை. இசக்கி பார்க்கவில்லை, நான் பார்க்கவில்லை. துண்டைப் பிரித்துப் பார்த்த ஒரே ஆள் டாக்டர். அவர் பார்த்துவிட்டுச் சொன்ன வார்த்தையைத்தான் நாங்கள் இரண்டு பேரும் பிரித்துப் போட்டு விளையாடிக்கொண்டிருந்தோம்.

"நான் கெளம்பறேன். எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லுங்க" என்றாள்.

விளம்பரம் முடியும்வரை

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து அவள் வந்த ஷேர் ஆட்டோவில், ஒரகடம் கூட்ரோட்டில் நானும் ஏறிக்கொண்டேன். தனக்குப் பக்கத்தில் எனக்கு இடம் வைத்திருந்தாள். கழுத்தில் அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது. போட்டிருப்பது அவளுக்குத் தெரியவில்லை.

ஆட்டோவில் நாலைந்து பேர் ஷிஃப்ட்டுக்குப் போகிற யூனிஃபார்மில். யாரோ ஓ.டி. சம்பளம் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். இருபுறமும் கன்டெய்னர் லாரிகள். செல்வி என்னை ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் வந்ததுதான் என்னை அரிக்கத் தொடங்கியது. கிளவுஸ் கழற்ற எதற்கு ஆஸ்பத்திரி? கிளவுஸ் கழற்ற எதற்கு டாக்டர்? அந்த டாக்டர் எதற்கு அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும்?

எங்கள் விளையாட்டுச் செயலியில் ஒரு வசதி உண்டு. வார்த்தையை அடித்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் அர்த்தம் காட்டும். நான் அதை அதிகம் தொட்டதில்லை. அர்த்தம் தயாளனின் இலாகா. போனை எடுத்து எழுத்து எழுத்தாக அடித்தேன். வார்த்தையை ஏற்றுக்கொண்டது. நல்ல பாயிண்ட்கூட வரும். பொத்தானை அழுத்தினேன்.

விளம்பரம் வந்தது.

காசு கட்டாமல் ஆடுகிறவர்கள் அர்த்தம் பார்க்க வேண்டுமென்றால், முதலில் ஒரு விளம்பரத்தை முழுதாகப் பார்த்தாக வேண்டும். சமையல் எண்ணெய் விளம்பரம். ஒரு குடும்பமே சமையலறையில் ஆடியது. பூரி உப்பியது. மாமனார் ஆடினார். தள்ளிவிடப் பார்த்தேன், தள்ளவில்லை. என் விரல் வியர்வையில் வழுக்கியது. சத்தத்தைக் குறைக்கப் போய்க் கூட்டிவிட்டேன். ஓ.டி. பேசியவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பூரியைப் பார்த்தார்கள். செல்வியும் பார்த்தாள். இன்னொரு பூரி உப்பியது.

என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பாட்டை நான் கேட்டதில்லை. முடிந்துவிடக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன்.

முடிந்தது. ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்தது. படித்தேன். போனைத் திருப்பி மடியில் கவிழ்த்தேன்.

"இன்னாண்ணா போட்ருக்கு?"

"நெட் இல்லம்மா."

"நெட்டு இல்லாமயா அந்தப் பொம்பள ஆடிச்சி?" என்று சொல்லி, போனைத் தானே எடுத்தாள். செல்வி பத்தாவதுவரை படித்தவள். உதடு அசைய மெதுவாகப் படித்தாள். ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

"எஸ், கே, ஐ, என். ஸ்கின்னுன்னா தோலு தானேண்ணா?"

"ஆமாம்மா."

"டி, ஓ, ஆர், என், டார்ன்னு போட்ருக்கே. கிழியறதா?"

அவள் தொழிலில் தினம் புழங்குகிற வார்த்தை அது. கழுத்தில் டேப் இருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கழற்றி, விரல்களில் சுற்றிச் சுற்றிச் சின்னதாக்கி, பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நான் டிரைவரிடம் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கிப்போய் ஒரு கம்பெனிக் காம்பவுண்டு சுவரோரம் வாந்தி எடுத்தேன். என் தலையைப் பிடித்துக்கொண்டது செல்வி.

மணப்பெண்

ஆஸ்பத்திரி வாசலில் டெட்டால் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அடுத்து நினைவு வந்தபோது கட்டிலில் கிடந்தேன். கையில் ஊசி குத்தி குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

நர்ஸ் செல்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார், "இவர் பேஷன்ட்டுக்கு யாரும்மா?"

"கூட வந்தவருங்க. கொஞ்சம் பயந்த சுபாவம்."

அந்த ஆஸ்பத்திரியில் அன்று முதலில் குணமடைந்தது நான்தான்.

திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர் வந்து பேசுவது கேட்டது. "மொதல்ல டிப்ரைட்மென்ட் பண்ணணும்மா. அப்புறம்தான் மத்தது."

இத்தனை நடந்த பிறகாவது என் மூளை சும்மா இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. டீ, அப்புறம் பிரைட், அப்புறம் மென்ட். பிரைட் என்றால் மணப்பெண். மணப்பெண்ணை நீக்குவது. தயாளனின் மணப்பெண்தான் திரைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். நான் குளுக்கோஸ் ட்யூப்போடு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அவளிடமிருந்து எதையோ, அவனிடமிருந்து அவளையோ, எடுத்துக்கொண்டு போகப்போகிறார்கள் என்று முடிவே செய்துவிட்டேன். இந்தத் தடவை அர்த்தத்தை வாயைத் திறந்து சொல்லவில்லை என்பது ஒன்றுதான் முன்னேற்றம்.

செல்வி, "தமிழ்ல சொல்லுங்க சார்" என்றாள்.

"செத்துப்போன சதையைச் சுத்தம் பண்ணி எடுத்துடணும்மா. கிளவுஸைத் தலைகீழா உருவினா எப்படி வரும், அந்த மாதிரி தோல் உருவிட்டு வந்திருக்கு. ரெண்டு விரல்ல ரத்த ஓட்டம் இல்லை. சென்னைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறோம்."

"கை நிக்குமா சார்?"

"கையைக் காப்பாத்தத்தான் பாக்கறோம். விரலைப் பத்தி இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது."

செல்வி, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

பார்ட்டி போகிறவரைக்கும்

இசக்கி வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டையின் முன்பக்கம் முழுக்க ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. ரெண்டு சொட்டு என்று நான் சொன்னது நினைவுக்கு வந்தது.

இந்த இடத்தில் ஒன்றை விளக்க வேண்டும். சுழல்கிற மெஷினில் கிளவுஸ் போடக் கூடாது. வெறுங்கை பட்டால் வெட்டும். கிளவுஸ் பட்டால் நூலைப் பிடித்துக் கையோடு உள்ளே சுருட்டிக்கொள்ளும். தயாளனின் ட்ரில்லுக்கு மேலே அப்படித் தமிழிலேயே ஒரு பலகை இருந்தது: கையுறை அணியாதீர்.

அன்று வெளிநாட்டிலிருந்து வாடிக்கையாளர்கள், எங்கள் பாஷையில் பார்ட்டி, ஆடிட்டுக்கு வருவதாக இருந்தது. அதற்காக முந்தின நாளே ஷெட் முழுக்கப் புது பேனர்கள் கட்டியிருந்தார்கள். ஆங்கிலத்தில். தலைக்கு ஹெல்மெட், கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு கிளவுஸ், எல்லோரும் எல்லா இடத்திலும். அழகான படம். ட்ரில்லுக்கு மேலே கட்டிய பேனர் அந்தப் பழைய பலகையை மூடிக்கொண்டு தொங்கியது.

"பார்ட்டி போற வரைக்கும் போட்டுக்கிடுங்கன்னுதான் சொன்னேன் அண்ணாச்சி" என்றார் இசக்கி. என்னைப் பார்க்கவில்லை. "ட்ரில்லுக்கு ஆவாதுன்னு அவரு சொன்னாரு. ரெண்டு மட்டம் சொன்னாரு. நான்தான் போட வச்சேன்."

செல்வி அவர் எதிரில் வந்து நின்றாள்.

"ஒனக்கு யாரு சொன்னது?"

"மேலேருந்து சொன்னாவக்கா."

"மேலன்னா?"

அவர் நிமிர்ந்து மேலே பார்த்தார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

பார்ட்டி அன்று வரவில்லை. ஃப்ளைட் தாமதம் என்று பிறகு சொன்னார்கள்.

வெற்றி

சென்னை ஆஸ்பத்திரியில் நான் அவனைப் பார்க்கப் போனது சில நாள் கழித்து. அதற்கு நடுவில் ஒருநாள் என் போனில் டிங் என்று சத்தம். எங்கள் ஆட்டத்தில் அடுத்து வைக்க வேண்டியது தயாளன். அவன் வைக்காததால் கெடு முடிந்துவிட்டதாம். திரை முழுக்கக் கலர் காகிதம் கொட்டியது. வாழ்த்துகள், நீங்கள் வென்றீர்கள் என்றது.

அவன் வலக்கை போர்வைக்குள் இருந்தது. செல்வி போர்வையை விலக்கிக் காட்டினாள். கையை அடிவயிற்றோடு சேர்த்து வைத்துத் தைத்திருந்தார்கள். உரிந்த இடத்துக்கு வயிற்றுத் தோல் பிடிக்க வேண்டும், பிடித்த பிறகு அறுத்துப் பிரிப்பார்கள். அதுவரை கையை அசைக்க முடியாது.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாண்ணா அப்டி பாக்கற? பாக்கெட்ல கை வுட்டுக்கினு படுத்துக்கினு கீறேன், அவ்ளோதான்" என்றான். உதடு வெடித்து, குரல் சன்னமாகியிருந்தது. "ஒக்காரு. நீ வுழுந்தா இங்க தூக்க ஆளில்ல."

உட்கார்ந்தேன்.

"செல்விக்கு அர்த்தம் சொன்னியாமே."

"சொன்னேன்டா."

"தப்பா சொன்னா ஜன்னல் சீட்டு போச்சு. தெரியுமில்ல?"

"எடுத்துக்கடா. நீயே வெச்சுக்க."

அவன் சிரிக்கப் பார்த்து, வயிறு இழுத்ததும் நிறுத்திக்கொண்டான். நான் கேட்காமலே சொன்னான்:

"கிளவுஸு நூல ட்ரில்லு புடிச்சிக்கிச்சுண்ணா. இழுத்தேன். கை வந்துச்சு. கிளவுஸு வர்ல."

பக்கத்துக் கட்டிலில் யாரோ சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார்கள். செல்வி போய் அவர்களிடம், கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி உரிக்கும்படி கேட்டுக்கொண்டாள்.

ரெண்டு பாயிண்ட்

இசக்கி வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். பேனரைக் கழற்றிவிட்டார்கள், பழைய பலகை மறுபடி தெரிகிறது. ட்ரில்லில் வேறு ஆள் நிற்கிறார். அந்த இரைச்சலில் விழுந்திருந்த துண்டு திரும்ப வந்துவிட்டது. இப்போது எனக்கு அது மட்டும் தனியாகக் கேட்கிறது.

பல மாதம் கழித்துத் தயாளன் வேலைக்கு வந்தான். கேட்டில் உட்கார்ந்து, வருகிற வண்டிகளுக்கு டோக்கன் கொடுக்கிற வேலை. அதே பஸ். ஜன்னல் சீட்டை அவனுக்காகக் காலியாக வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். என்னைத் தாண்டிப்போய் உட்கார்ந்தான்.

இப்போது இடக்கையால்தான் ஆடுகிறான். மெதுவாகத்தான் வருகிறது. வழியில் பண்ருட்டிக் கண்டிகை ஸ்டாப் தாண்டுகிறவரை யோசித்துவிட்டு, ஒரு சந்தில் ஏயையும் ஐயையும் வைத்தான். ரெண்டு பாயிண்ட்.

சட்டப்படி நான் அர்த்தம் கேட்க வேண்டும். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேளுண்ணா."

"எனக்குத் தெரியும்டா."

"தெரிஞ்சாலும் கேக்கணும். சட்டம்."

கேட்டேன்.

அவன் வாயால் சொல்லவில்லை. மடியில் துண்டுக்கு அடியில் இருந்த வலக்கையை எடுத்து, முன்சீட்டுக் கம்பியில் மாட்டித் தொங்கவிட்டான். வயிற்றுத் தோல் ஒட்டிய கை, தடித்து, வேறு நிறத்தில். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். மூணே விரல்.

மோதிர விரலையும் சுண்டு விரலையும் சென்னையில் முதல் ஆபரேஷனிலேயே எடுத்துவிட்டார்கள். கிளவுஸை ஆஸ்பத்திரியில் யாரும் கழற்றவில்லை. அது ட்ரில்லிலேயே இருந்தது, தோல் அதற்குள் இருந்தது.